மூன்றாவது இரும்பு

கரண்ட் போனால் எங்கள் துறையின் ஃப்ரீசர் கத்தும். அதற்குப் பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் கான்ஸ்டபிள் லத்தியை ஓங்கிவிட்டார். உள்ளே யாரையோ பூட்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. கத்தியது ஒரு சின்ன அலாரம்தான். உள்ளே குளிர் குறைகிறது, வந்து பாருங்கள் என்று அர்த்தம்.

இன்ஸ்பெக்டர் காந்திமதிநாதன் என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததும் கரண்ட் போனதும் ஒரே சமயத்தில் நடந்தன. அதனால்தான் நான் தடுமாறினேன். அவர் அதைக் குற்றவுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார். நீங்களும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அன்று காலை நடந்ததை ஒன்றுவிடாமல் இந்த வாக்குமூலத்தில் சொல்கிறேன், ஐயா. கிறிஸ்துமஸுக்கு முந்தின திங்கட்கிழமை அது.

அவர் உட்காரவில்லை. என் மேஜையில் காகிதங்கள் பறக்காமலிருக்க மூன்று இரும்புச் சாமான்களை வைத்திருப்பேன். ஒரு மாட்டு லாடம், ஒரு சாவிக்கொத்து, ஒரு பாக்குவெட்டி. அவர் லாடத்தைத் தொட்டு, "இது முத்துசுப்பிரமணியன் வீட்டுது" என்றார். சாவிக்கொத்தைத் தொட்டு, "இது பிரம்மநாயகி வீட்டுது. அவ அம்மை அடையாளம் சொன்னா" என்றார். இரண்டு பேரும் ஆற்றில் மூழ்கி இறந்தவர்கள். இரண்டு பேரும் என் நோயாளிகள்.

பிறகு பாக்குவெட்டியை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மேடம், இது யாருது?"

கெட்டிக்காரர். பாக்குவெட்டிக்குச் சொந்தக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதை அவர் ஊகித்துவிட்டார். அந்த ஆளைத் தேடித்தான் வந்திருந்தார்.

"சொல்றேன். முதல்ல ஜெனரேட்டரைப் போடச் சொல்லுங்க" என்றேன்.

"விளையாடுதீங்களா?"

"இல்லை. ஃப்ரீசர்ல இருக்கறது உருகிட்டா என்னோட ஆறு வருஷம் போச்சு. சத்தம் நின்னதும் பேரைச் சொல்லிடறேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாசல் பக்கம் திரும்பி, "ஏய் சிலுவை, போய் ஜெனரேட்டரப் போடச் சொல்லு. பைய நடக்காத, ஓடு" என்றார். கான்ஸ்டபிள் ஓடினார்.

இந்த இடத்தில் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். அதனால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ராஜாம்பாள். ஊர் ஆழ்வார்திருநகரி. மருத்துவக் கல்லூரியில் மூளையைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன், ஆராய்ச்சியும் செய்கிறேன். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை முக்கூடலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வலிப்பு முகாம் நடத்துவது என் பொறுப்பு. ஆறு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வெள்ளம் வந்த மாதம்கூட டிராக்டரில் போய் நடத்தினேன். பீடி சுற்றுகிறவர்கள், பாய் நெய்கிறவர்கள், வயல்வேலைக்காரர்கள் எல்லாம் சுற்று வட்டாரத்திலிருந்து வருவார்கள். மாத்திரை இலவசம். தாயத்துக் கட்டியும் வேப்பிலை அடித்தும் நிற்காத வலிப்பு, ஒரு சின்ன வெள்ளை மாத்திரையில் நின்றது. நூற்றுக்கணக்கான பேருக்கு நின்றது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வலிப்புக்காரர் இருக்கிற வீட்டில் எப்போதும் ஓர் இரும்புத் துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வலிப்பு வந்தால் அதைக் கையில் திணிப்பார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை, சில சமயம் காயம்தான் ஆகும் என்று ஒவ்வொரு முகாமிலும் சொல்வேன். தலையை ஆட்டுவார்கள். அடுத்த மாதம் அதே இரும்போடு வருவார்கள்.

நான் சொல்லி அவர்கள் கேட்ட ஒரே விஷயம் ஆறு. வலிப்புக்காரர் தாமிரபரணியில் இறங்கக் கூடாது. முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், ஓர் ஆளைக் கொன்றுவிட. இதை அவர்கள் கேட்டார்கள், ஆனால் பெரிய விலை கொடுத்துக் கேட்டார்கள். ஆற்றங்கரை ஊரில் ஒரு பெண் மட்டும் படித்துறைக்கு வருவதில்லை என்றால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் அவளைப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள். மாத்திரையால் வலிப்பு நின்று இரண்டு வருஷம் ஆனவர்கள்கூட என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான். இனிமேல் ஆற்றில் குளிக்கலாமா?

அன்று இதையெல்லாம் நான் இன்ஸ்பெக்டரிடமும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். கையில் பாக்குவெட்டியைத் திறந்து திறந்து மூடினார். ஃப்ரீசர் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கும் உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஃப்ரீசரின் முள்ளைப் பார்த்தேன். கொஞ்சம் ஏறியிருந்தது.

"அந்த நீல ஐஸ் டப்பா எங்க?" என்று திடீரென்று கேட்டார்.

"கழுவக் கொடுத்திருக்கேன்" என்றேன்.

போலியோ சொட்டு மருந்து கொண்டுபோவார்களே, அந்த மாதிரி டப்பா. முகாமில் ரத்தம் எடுத்தால் அதில் வைத்துத்தான் கொண்டுவருவோம். அதை ஏன் கேட்டார் என்று பின்னால் சொல்கிறேன்.

கான்ஸ்டபிள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "ஐயா, அங்கன ஜெனரேட்டர் ரூம் பூட்டிக் கெடக்கு. சாவி வச்சிருக்கவன் டீ குடிக்கப் போயிருக்கானாம்."

"அப்ப டீக்கடைக்குப் போவே. நான் வந்து கூப்பிடணுமா அவன?"

மறுபடியும் ஓடினார். நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

எல்லாம் அசன் மைதீனிடமிருந்து தொடங்கியது. என் முகாமுக்கு வந்துகொண்டிருந்தவர், பாய் நெய்கிறவர். கோரையை ஆற்றில் ஊறப்போடப் போனவர் பாறையில் வழுக்கி விழுந்து மூழ்கிவிட்டார். அவர் சாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு வந்தவர், கடைசியாக வலிப்பு வந்து மூன்று வருஷமாகியிருந்தது. ஆற்றில் இறந்ததால் போலீஸ் வழக்கானது, உடல் எங்கள் பிணவறைக்குப் போஸ்ட்மார்ட்டத்துக்கு வந்தது. மூளையில் காதுக்கு உள்பக்கமாகக் கடல்குதிரை போல வளைந்த ஒரு பகுதி உண்டு. பெரும்பாலும் வலிப்பு அங்கேதான் குடியிருக்கும். அதை எடுத்துக்கொண்டேன். வீட்டாரிடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கமாட்டார்கள்.

நுண்ணோக்கியில் அதைப் பார்த்த அன்று நான் சாப்பிட மறந்துவிட்டேன். வலிப்பில் செத்துப்போன செல்களுக்கு நடுவே, இருக்கக் கூடாத இடத்தில், புதிய இழைகள் முளைத்திருந்தன. மருந்தால் வலிப்பு அடங்கிய ஒரு மூளை தன்னைத் தானே எப்படித் தைத்துக்கொள்கிறது என்பது என் கண்ணெதிரே இருந்தது. அறுவை செய்து எடுத்த துண்டுகள் வெளிநாட்டில் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் வலிப்பு அடங்காதவர்களின் மூளை. அடங்கியவர்களுக்கு யார் அறுவை செய்வார்கள்?

பெங்களூர் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "ஒரே ஒரு மூளைதானா, மேடம்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் ரயிலில் திரும்பும்போது தூங்க முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் காரணம்.

அப்புறம் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் வலிப்புக்காரர் வீட்டில் இறந்தால் பொழுது சாய்வதற்குள் எரித்துவிடுவார்கள், அல்லது புதைத்துவிடுவார்கள். கல்லூரிக்குக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. ஆற்றில் இறந்தால் மட்டும் சட்டமே உடலை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. இது நான் உண்டாக்கிய விதி அல்ல.

முத்துசுப்பிரமணியன் வீட்டுக்கு மூத்த பிள்ளை. சேரன்மகாதேவிப் பக்கம் வயல், இரண்டு ஜோடி மாடு. அப்பா போனதிலிருந்து ஆடி அமாவாசைக்கு ஆற்றில் முங்கித் தர்ப்பணம் செய்ய முடியாமல், வீட்டு முற்றத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு செய்துவந்தவர். "எங்க அப்பாவுக்கு வாளித் தண்ணி எப்படிம்மா போய்ச் சேரும்?" என்று ஒவ்வொரு ஆனியிலும் கேட்பார். நான் மறுத்துவிடுவேன். இந்த வருஷம் மறுக்கவில்லை. கேட்ட மனிதர் மீசையெல்லாம் நனைய அழுதார். கையிலிருந்த லாடத்தை என் மேஜைமேல் வைத்து, "இனி இது எதுக்கும்மா" என்றார். ஆடி அமாவாசை அன்று மூன்றாவது முழுக்கில் அவர் எழவில்லை.

பிரம்மநாயகிக்கு இருபத்திரண்டு வயது. பீடி சுற்றுவாள். ஒரு வரன் வந்து, பெண் ஏன் படித்துறைக்கு வருவதில்லை என்ற கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. புரட்டாசி முகாமுக்கு அவள் அம்மா மாப்பிள்ளையின் தாயாரையே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் குளிக்கலாம் என்று சொன்னேன்.

"எம்மா, இந்தா இவங்க காதுபட இன்னொரு தரம் சொல்லிருங்க."

மறுபடி சொன்னேன்.

"இன்னும் ஒரே ஒரு தரம்."

"கேட்டுட்டேன், கேட்டுட்டேன். நான் என்ன செவிடா?" என்று அந்தம்மாள் சிடுசிடுத்தார். பிரம்மநாயகி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து, சாவிகளைக் கழற்றிக்கொள்ள வேண்டும் என்றுகூட யோசிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டாள். அப்புறம் வீட்டுப் பூட்டை உடைத்தார்களாம். எத்தனை சந்தோஷம் பாருங்கள். அதைக் கொடுத்தவள் நான்தான்.

ஐப்பசி பிறந்ததும் தோழிகளோடு குளிக்கப் போனாள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் நடப்பதை நிறுத்தினார். "அன்னைக்கி நான்தான் அந்தப் பிள்ளையோட பாடியக் கொண்டாந்தேன். பிணவறை வராந்தாவுல உங்க நீல டப்பா இருந்துது. தொறந்து பாத்தேன். ஐஸ் உருகவே இல்ல. பாடி வருதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை" என்றேன். அதுதான் உண்மை. முகாம் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் டப்பாவை அங்கே அனுப்பிவந்தேன். நான் வகுப்பில் இருக்கும்போது உடல் வந்தால் வீணாகிவிடும் அல்லவா? தினமும் மாலையில் உருகிய தண்ணீரோடு டப்பா திரும்பி வரும். அன்று மட்டும் அப்படி வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஊரே பேச ஆரம்பித்ததும் டப்பா அனுப்புவதை நிறுத்திவிட்டேன் என்றும் அவரிடம் சொன்னேன்.

"ரெண்டு வீட்லயும் ஒரே மாதிரி அழுதாங்க மேடம். டாக்டரம்மா குளிக்கலாம்னுட்டாங்க, டாக்டரம்மா குளிக்கலாம்னுட்டாங்கன்னு. நான் ஒரு மடையன், குருட்டாம்போக்குல நடந்ததுன்னு நெனச்சேன். ஆனா மாத்திரை சாப்பிடுத ஆளுக்கு எப்படி வலிப்பு வரும்?"

அவர் சரியான இடத்துக்கு வந்துவிட்டதால் நானும் சரியாகச் சொல்லவேண்டியதாயிற்று. நான் அவர்களிடம் ஒரு வாக்கியம் சொன்னதாகத்தான் அதுவரை சொல்லியிருந்தேன். உண்மையில் இரண்டு வாக்கியங்கள். "இனி மாத்திரை வேண்டாம். ஆத்துல குளிக்கலாம்."

அந்த மாத்திரையை நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வலிப்பு முன்னைவிடப் பலமாகத் திரும்பும். எங்கள் மாணவர்களுக்கே தெரியும். நான்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அடங்கிய மூளையில் வலிப்பு திரும்பும்போது அந்தப் புதிய இழைகள் என்ன ஆகின்றன என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நான் யாரையும் ஆற்றுக்குப் போ என்று சொல்லவில்லை. போகலாம் என்றுதான் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் பாக்குவெட்டியை மேஜைமேல் போட்டார். "இவங்களுக்கும் மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"போன முகாம்ல."

"யாரு மேடம் அது? எந்த ஊரு? எத்தன ஊர்னு நான் போய்த் தேடுவேன்?"

"சத்தம் இன்னும் நிக்கலை" என்றேன்.

அவர் என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய்க் கத்தினார். "ஏலே சிலுவை, என்னலே பண்ணுத?" கீழேயிருந்து, "பூட்ட உடைக்கேன் ஐயா" என்று பதில் வந்தது. கல்லால் இரும்பை அடிக்கிற சத்தமும் வந்தது. மேலே ஃப்ரீசர், கீழே அந்தக் கல். எனக்கு நெற்றிப்பொட்டில் இடித்தது.

அவர் திரும்பி வந்ததும், அவரைக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்துவதற்காகப் பாக்குவெட்டிக்காரியைப் பற்றிச் சொன்னேன். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாது. போன முகாமில் நான் அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"நெசமாவா சொல்லுதீய டாக்டரம்மா? எம் புருசன் என்னைய எட்டு வருசமா வாளியோட கட்டிப் போட்டுருக்கான். நான் குளிச்சுக் குளிச்சு மூணு வாளி ஓட்டையாப் போச்சு."

"நிஜம்தான்" என்றேன்.

"அப்ப இந்தக் கிறிஸ்மஸுக்கு வீட்டுத் துணி பூராவும் நான்தான் ஆத்துல போட்டு அலசுவேன். எங்க தெருவுல ஒவ்வொருத்தியும் கிறிஸ்மஸுக்கு முந்தி மூட்ட மூட்டையாத் துவைக்கப் போவாளுக. நான் மட்டும் வாசல்ல நின்னு வேடிக்க பாப்பேன். இந்தத் தடவ எவ மூஞ்சியில எவ கரியப் பூசுதான்னு பாருங்க." சேலை முந்தியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். "இத வச்சுக்கோங்க. பாக்கு வெட்டிப் போடுத பழக்கம் இருந்தாப் பிரயோசனப்படும். எனக்கு இனி வேண்டாம்."

"என்னிக்கி?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். "என்னிக்கித் துவைக்கப் போறதாச் சொன்னா?"

"கிறிஸ்துமஸுக்கு முந்தின திங்கட்கிழமை."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஜன்னல் வழியாக ஆறு தெரியும். மழைக்காலத் தண்ணீர், கலங்கலாக, இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் ஜெனரேட்டர் உறுமியது. டியூப்லைட்டுகள் கண்சிமிட்டி எரிந்தன. அலாரம் பாதிச் சத்தத்தில் நின்றது. நான் ஓடிப்போய் முள்ளைப் பார்த்தேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆறு வருஷமும் அப்படியே இருந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நீங்கள் குற்றமாக எழுதமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் வாக்குத் தவறுகிறவள் அல்ல. "சாரம்மாள்" என்றேன். "முக்கூடலுக்குக் கிழக்கே, கோயில்தெரு, சர்ச்சுக்குப் பின்னால மூணாவது வீடு."

அவர் ஃபோனைப் பிடுங்கி ஸ்டேஷனுக்கு எண்களைச் சுழற்றினார். கிடைக்கவில்லை. மறுபடி சுழற்றினார். மேலே ஓடிவந்த கான்ஸ்டபிளிடம் ரிசீவரை எறிந்துவிட்டு, "போட்டுக்கிட்டே இரு, விடாத" என்று கத்தியபடி கதவு வரைக்கும் ஓடினார். அங்கே நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார். வார்டுக்கு வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள் டாக்டரைப் பார்ப்பார்களே, அந்த முகம். இத்தனை கேட்ட பிறகும் என்னிடம்தான் கேட்டார்.

"மேடம், இப்பப் போனாப் புடிச்சிரலாம்லா?"

அவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று எனக்குப் பாவமாக இருந்தது. பதறுகிறவர்களிடம் உண்மையை மெதுவாகச் சொல்லவேண்டும் என்று மாணவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படித்தான் சொன்னேன்.

"அவசரப்படாதீங்க இன்ஸ்பெக்டர். டப்பா காலையிலேயே பிணவறைக்குப் போயாச்சு."